அத்தானின் நாற்காலிக்கு ஒரு வெள்ளித்தாள்

எங்கள் அக்காவின் கண்ணை ஏமாற்ற முடியாது என்று அவள் வேலை பார்க்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் எல்லோருக்கும் தெரியும். அச்சு மயிரிழை கோணினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள். நான் மடித்து வைக்கும் துணிகளுக்கும் அதே மரியாதைதான்.

ஒரு விபத்துக்குப் பிறகு அத்தானுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. சக்கர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து புண் வந்தது, அவருக்கே தெரியவில்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. "இன்னொரு தடவை வந்தா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

ரொம்ப நேரம் அசையாதிருந்தால் கூவும் விரிப்பு ஒன்று விற்கிறார்கள். விலை கேட்டு எனக்குத் தலை சுற்றியது. அக்காவுக்குச் சுற்றவில்லை.

"கீபோர்டுக்குள்ள, அழுத்தினா கரண்ட் பாயுற தாள் இருக்குமே, அது மாதிரிதானே? நானே அடிக்கிறேன்."

மின்சாரம் கடத்தும் வெள்ளி மை ஒரு சின்ன டப்பா வரவழைத்தாள். பிளாஸ்டிக் தாளில் கோடு கோடாக அச்சடித்துச் சூட்டில் உலர்த்தினாள். ஏழு தாள்கள். ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் மின்சாரம் பாய்ந்தால் பீப் என்று சொல்லும் மீட்டரை வைத்தால் மூச்சுப் பேச்சில்லை.

"விட்டுத் தொலையேன்க்கா" என்றேன்.

"புண்ணு நம்மள விட்டுத் தொலையுமாடி?" என்று முறைத்தாள்.

டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எட்டாவது தாளை அடித்தாள். திட்டுத்திட்டாக, பார்க்கச் சகிக்கவில்லை. கிழிக்கப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று மீட்டரை வைத்தாள். பீப் என்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குமிழி வரக்கூடாதென்று பழக்கதோஷத்தில் மையை மேலோட்டமாகவே கலக்கியிருக்கிறாள். வெள்ளி முழுக்க அடியில் தங்கிவிட்டது. மேலே இருந்தது வெறும் அழகு.

அந்த அசிங்கம் பிடித்த தாளின் மேல் துளையிட்ட ஸ்பாஞ்சும் அதன் மேல் அலுமினியத் தாளும் வைத்துத் தைத்தாள். எடை அழுத்தினால் துளை வழியே இரண்டும் தொடும். அரைமணி நேரம் விடாமல் தொட்டிருந்தால் கத்தும்படி பக்கத்துக் கடை மெக்கானிக் ஒரு பஸ்ஸரை இணைத்துக் கொடுத்தார்.

அத்தான் அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அரைமணியில் பஸ்ஸர் கத்தியது.

"இப்பதானேடி உக்காந்தேன்?"

"உங்களுக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும். உடம்பத் தூக்குங்க."

அவர் இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கினார். சத்தம் நின்றது. "அப்படியே உன்ன மாதிரி நச்சரிக்குது" என்றார்.

ஏழு தாள் வீணானபோது அழாத அக்கா, அப்போதுதான் அழுதாள்.