பதினாறு பக்கம் போதும்

எனக்கு எதையும் முறையாகச் செய்ய வேண்டும். அந்தப் பாழாய்ப்போன குணத்தால், புனேயில் நாங்கள் குடியிருந்த தாபோடியில் ஒரு வருடம் வீணாய்ப் போனது.

பழைய புத்தகக் கடையில் முந்நூறு பக்க விதிப் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டு அது. கதையை நடத்துவது நான். விளையாடுவது என் தம்பியும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தோழியும். நான் விட்டால்தானே! முழுசாகப் படித்து, நோட்ஸ் எடுத்து, அப்புறம்தான் ஆட்டம் என்று இருவரையும் வாட்டி எடுத்தேன். நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது, ராணுவ வேலையில் இருந்த தோழியின் அப்பாவுக்கு ஜோத்பூருக்கு மாற்றல் வந்தது.

"ஒரே ஒரு தடவையாவது விளையாடிட்டுப் போறேன்டி" என்றாள். நான் இன்னும் வேகமாக நோட்ஸ் எடுத்தேன்.

அவர்கள் கிளம்பும் நாள் காலையில்தான் என் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வந்து, ஒரு பெட்டியை நீட்டினார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்றே அதே விளையாட்டைச் சுருக்கிப் போட்டிருந்தார்கள். பல முகப் பகடைகள், தயாராக நிரப்பிய பாத்திரத் தாள்கள், ஒரு வரைபடம், பதினாறு பக்கப் புத்தகம். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், இந்தப் பத்தியை உரக்க வாசித்து இப்போதே தொடங்கு என்றது முதல் பக்கம். யாரோ என்னைத் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்!

அதற்கும் நான் அடங்கினேனா? புதுத் தாளில் எழுத மனம் வரவில்லை. ஜெராக்ஸ் எடுத்து அதில்தான் எழுத வேண்டும் என்று தோழியையும் இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். மணி ஒன்று ஐந்து. ஷட்டர் இறங்கியிருந்தது. புனேயில் ஒன்றிலிருந்து நாலுவரை கடைக்காரரைக் கடவுளே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

"அரே, நாலு மணிக்கு நான் ஸ்டேஷன்ல இருக்கணும். பேப்பர்தானே, குடு இங்க" என்று தோழி தாளைப் பிடுங்கி, பெயருக்கான இடத்தில் தன் பெயரையே எழுதினாள். பேனாவால்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம், இனிமேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகிவிட்டது.

பத்து நிமிடத்தில், மூட்டை கட்டிய அவள் வீட்டுத் தரையில் ஆட்டம் தொடங்கியது. தம்பி பாலத்திலிருந்து விழுந்தான். அவள் பூதத்தைப் பேசியே தூங்க வைத்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். முந்நூறு பக்கம் தராத சந்தோஷம்.

மூன்று மணிக்குக் கோட்டை வாசலுக்கு வந்தோம். காவலன் ஊரைக் கேட்பான். இருபது முகப் பகடையில் பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால்தான் உள்ளே விடுவான். இதுதான் விதி. காவலனாக நான் கேட்டேன். ஐந்து பள்ளிக்கூடம் மாறியவள் அவள். யார் ஊரைக் கேட்டாலும் அப்பாவின் திருநெல்வேலியைத்தான் சொல்வாள்.

"தாபோடி" என்றாள்.

பகடை அவள் கையில் தயாராக இருந்தது. நான் உருட்டச் சொல்லவில்லை. "உள்ள வா" என்று கதவைத் திறந்துவிட்டேன்.