ஒன்பதாம் நம்பரின் ரத்தம்

"மூக்குக் கயித்தை இறுக்காத முனியப்பா, மூச்சு முட்டுது பாரு" என்றபடி டோரதி பன்றியின் காதைத் திருப்பினாள். ஊசியை இறக்கப்போனவள் நின்றுவிட்டாள்.

காதில் நகப்பாலீஷ் பொட்டு இருந்தது. நம்பர் பட்டை மாட்டினால் பன்றிகள் ஒன்றையொன்று கடித்துப் பிடுங்கிவிடும் என்று டோரதியே கண்டுபிடித்த அடையாளம். ஆனால் அவள் வைப்பது அரக்குச் சிவப்பு. இது ரோஸ்.

"இது ஒன்பதாம் நம்பர் இல்லையே."

"அதேதான் டோரதிக்கா."

டோரதி கைப்பையிலிருந்து ஒரு பட்டர் பிஸ்கட் எடுத்துப் பன்றியிடம் நீட்டினாள். கால்நடை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒப்பந்த உதவியாளர். லிங்கராஜபுரத்திலிருந்து, முனியப்பன் பன்றி வளர்க்கும் சந்தாபுராவுக்கு மூன்று பஸ் மாறி வருகிறவள். ரத்தம் எடுத்ததும் ஒரு பிஸ்கட் என்பது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். ஒன்பது அவள் செருப்புச் சத்தத்துக்கே ஓடிவரும். இது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எங்கய்யா என் ஒன்பது?"

முனியப்பன் தலையைச் சொறிந்தான். "தங்கச்சி பொண்ணு வயசுக்கு வந்துட்டா. தாய்மாமன் சீரா, கறி விருந்துக்கு நேத்து அத்திபெலேக்கு அவ வீட்டுக்கு அனுப்பிட்டேன். இது அதோட கூடப் பொறந்ததுக்கா. ரத்தம் ஒண்ணுதானே?"

"உனக்கு ஊசி போட்டா உன் தங்கச்சிக்கு ஜுரம் போயிடுமா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி வள்ளியம்மா சிரித்தாள். "பாலீஷ் என்னுதுக்கா. வேணாம்னுதான் சொன்னேன், கேட்டாதானே."

மூளைக்காய்ச்சல் கிருமி குழந்தைகளைத் தொடும் முன் கொசு வழியாகப் பன்றிக்கு வரும். ஒரே பன்றியைப் பதினைந்து நாளைக்கொருமுறை பார்த்துக்கொண்டே வந்தால்தான் அது வந்த நாள் பிடிபடும். ஒன்பதுக்கு ஆறு முறை எடுத்தாயிற்று, ஆறிலும் கிருமி இல்லை. வேறு பன்றி என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழையும் அதோடு பெருகும் கொசுவும் காத்திருக்காது.

"எப்போ வெட்டறாங்க?"

"பத்து மணிக்கு."

மணி ஒன்பதேகால்.

"வண்டிய எடு."

அத்திபெலே வரை ஐஸ் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு போனாள். பந்தலுக்குப் பின்னால் கட்டியிருந்த ஒன்பது, செருப்புச் சத்தம் கேட்டுக் கயிற்றை இழுத்தது. டோரதி பிஸ்கட்டை முதலில் கொடுத்தாள். பிறகுதான் ரத்தம் எடுத்தாள். கத்தியோடு நின்றவர் காத்திருந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்கக்கா" என்றான் முனியப்பன்.

"இன்னிக்கு வேணாம்பா."

மறுநாள் ஆய்வகத்தில் ஒன்பதாம் நம்பரின் ரத்தம் சோதனைத் தட்டில் மஞ்சளானது. கிருமி வந்துவிட்டது என்று அர்த்தம். டோரதி பதிவேட்டில் எழுதினாள். ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் பார்கவி தாலுகா சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தார். வெந்த கறியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று டோரதி முனியப்பனிடம் போனில் சொன்னாள். மூன்று மணிக்கு அவன் தெருவில் தடுப்பூசி போடாத குழந்தைகளைக் கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். டோரதி நாலரை பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.