உதயகிரிக் கோட்டையில் பேசியதும் எழுதியதும்

உதயகிரிக் கோட்டையில் மரபு விழா, வந்து பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குன்றைச் சுற்றிக் கருங்கல் மதில் எழுந்த கதை, உள்ளே பீரங்கி வார்த்த கதை, ராஜாக்கள் போன பிறகு ஆடுமாடு மேய்ந்த கதை, இப்போது மானும் மரவீடும் பார்க்க ஜனம் டிக்கெட் எடுத்து வருகிற கதை எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். கைதட்டிவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. "இந்த மதிலில் கல்லெடுத்து வீட்டில் போட்டிருப்பவர்கள் உடனே திருப்பிக் கொடுங்கள்!" என்று மைக்கைப் பிடித்து முழங்கிவிட்டேன்.

முன்வரிசையில் என் மகள் இருந்தாள். கல்லூரியில் வரலாறு படிக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய் நின்றாள்.

"அப்பா, நாமளே முதல்ல குடுப்போம்."

எங்கள் வீட்டில் துணி துவைக்கிற கல் அந்த மதில் கல்தான். மதில் சரிந்து கேட்பாரற்றுக் கிடந்த காலத்தில் என் அப்பா மாட்டுவண்டியில் ஏற்றி வந்தது. அது வேறு கல் என்று சாதித்துப் பார்த்திருப்பேன். ஆனால் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "நம்ம வேட்டி மகாராஜா கல்லுல துவைச்சதாக்கும்" என்று பீற்றிக்கொண்டதே நான்தானே.

"நாளைக்கு உங்க வேட்டிய எதுல துவைக்க? அந்த மைக்குலயா?" என்றாள் மனைவி. மகள் அன்று என்னைப் பெரிய மனிதனாகப் பார்த்தாள். அதை இழக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் லோடு ஆட்டோவில் கல்லை ஏற்றினோம். அது சாயாமல் பிடித்தபடி மகள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கோட்டை வாசலில் காவலர் தலையைச் சொறிந்தார். "கல்லு இங்க கிடக்கட்டும் சார். எங்கேருந்து கிட்டிச்சுன்னு ஒரு வரி எழுதித் தந்துருங்க. நாளைக்கு என்னையல்லா கேப்பாங்க."

ஒரே ஒரு வரி. அரைமணி நேரம் முழங்கியவனுக்குக் கை ஓடவில்லை. செத்துப்போன அப்பாவின் பெயர் கெட்டுவிடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தது என் பெயருக்கு. "ரோட்டோரம் கிடந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மகள் தாளை வாங்கி வாசித்தாள். மடித்துக் காவலரிடம் கொடுத்தாள்.

"நீங்க ஆட்டோல போங்க அப்பா," என்றாள். "நான் பஸ்ல வாறேன்."