படங்குக்குக் கீழே கிடந்தது

கல்முனையில் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, இவைதான் என் மேசைக்கு வரும். சிங்களத்தில் இருப்பதைத் தமிழாக்கி, அடியில் 'மூலத்துக்கு மாறில்லாதது' என்று எழுதி, கையொப்பமிட்டு முத்திரை குத்திக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. போன வருடம் அந்தப் புத்தகம் வரும்வரைக்கும்.

ஹெலிகொப்டர் ஓட்டும் ஒரு படைப்பிரிவின் வரலாறும் சின்னங்களும். பளபளக்கும் தாள், நாற்பது பக்கம். எங்கள் ஊர்ப் பாடசாலை மைதானத்தில் கண்காட்சி நடக்கப்போகிறது, ஹெலியே வந்து இறங்கும், வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழ்ப் பிரதி வேண்டும், அதில் என் முத்திரையும் வேண்டும் என்றார்கள். கொண்டுவந்தவர் கண்காட்சிக் குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற அதிபர், நம்மவர்தான். வாய் நிறையச் சிரிப்போடு வந்தார்.

முதல் பத்துப் பக்கமும் சின்னத்தைப் பற்றியே. நீல வட்டம், நடுவில் கழுகு, அதன் தலைக்கு மேல் ஹெலியின் நான்கு இறக்கைகள், இரு பக்கமும் நெற்கதிர். கலியாண வீட்டில் சீர்வரிசையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவதுபோல ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேறு. நீலம் நேர்மையாம். கழுகு, தரையில் கிடக்கும் மிகச் சிறிய பொருளையும் பிழையின்றி இனங்காணும் பார்வையாம். நெற்கதிர், படைப்பிரிவு உயிராய் நேசிக்கும் விவசாயியாம். கதிர் இரண்டும் கம்பி மாதிரி நிமிர்ந்து நின்றன. முற்றிய கதிர் தலை கவிழும், நிமிர்ந்து நிற்பது பதர் என்று வரைந்தவனுக்கும் தெரியவில்லை, அச்சடித்தவனுக்கும் தெரியவில்லை. அதுவரை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு வரலாறு. நடுப்பக்கத்தில் எங்கள் வட்டையின் பெயரைக் கண்டேன். வட்டை என்றால் இந்தப் பக்கத்தில் வயல்வெளி, படங்கு என்றால் தார்ப்பாய். 'அறுவடைக் காலத்தில், படங்கினால் மூடி மறைத்து வைக்கப்பட்டிருந்த எதிரிகளின் களஞ்சியம் ஒன்று வானிலிருந்து இனங்காணப்பட்டுத் தாக்கப்பட்டது. காவலாளி ஒருவன் காயமடைந்தான்.'

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

அந்தக் காவலாளி என் வாப்பா.

அன்று நானும் களத்தில் நின்றேன். யுத்த காலம், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். காலையிலிருந்து தூற்றி முடித்த நெல் குவிந்து கிடந்தது. அதைப் பொலி என்போம். பொலியில் ஸகாத்தை அளந்து பிரித்த பிறகுதான் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அது வரைக்கும் ஏழைகளின் பங்கும் அதற்குள்ளேதான் கிடக்கும். ஹெலிச் சத்தம் கேட்டதும் வெட்டுக்காரர் எல்லோரும் வாய்க்காலுக்குள் குதித்தார்கள். வாப்பா மட்டும் படங்கை எடுத்துக்கொண்டு பொலியை நோக்கி ஓடினார். ஹெலி தாழ்ந்தால் அடிக்கும் காற்றில் அவ்வளவு நெல்லும் பறந்துவிடும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

"மனே, மத்தப் பக்கத்தப் புடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் வாய்க்காலுக்குள் குதித்தேன். அவர் தனியாகவே மூடி, காற்றுக்குப் படங்கு தூக்காமல் இருக்க அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். பிழையின்றி இனங்காணும் பார்வைக்கு அது களஞ்சியமும் காவலாளியுமாகத் தெரிந்திருக்கிறது. வாப்பாவின் வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

"இப்ப எதுக்கு அந்தக் கதை? நீங்க மொழிபெயர்க்கிற ஆள். உள்ளத அப்படியே போடுங்க. கூட்டிக் குறைக்க நமக்கு உரிமை இல்லதானே" என்றார்.

வீட்டுக்கு வந்து வாப்பாவுக்கு அந்த வரிகளை வாசித்துக் காட்டினேன். காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"படங்குக்குக் கீழ என்ன கிடந்தெண்டு எழுதல்லியா?"

"இல்ல வாப்பா."

"ஸகாத்து அளக்காத பொலி மனே அது. அத மட்டும் எழுதிப்போடு. மத்தது என்னெண்டும் இரிக்கட்டும்."

"ஓம் வாப்பா" என்றேன்.

எழுதவில்லை. அடிக்குறிப்பாக ஒரு வரி போட்டிருக்கலாம், அல்லது முத்திரை குத்தமாட்டேன் என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். யார் வந்து என்ன கேட்பார்களோ என்ற பயம், அன்று வாய்க்காலுக்குள் குதிக்க வைத்த அதே பயம். அதற்குத் தொழில் தர்மம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். 'காவலாளி ஒருவன்' என்று என் கையாலேயே எழுதி, மூலத்துக்கு மாறில்லாதது என்று சத்தியம் பண்ணி, முத்திரையை ஓங்கிக் குத்தினேன். இந்தக் கையை நினைத்தால் எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

கண்காட்சியன்று முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். புத்தகத்தைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். சனம் அதை மடித்து விசிறிக்கொண்டிருந்தது. ஹெலி ஊரை இரண்டு தரம் தாழ்ந்து சுற்றியபோதுதான் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டிருப்பது நினைவுக்கு வந்தது. வீடு அடுத்த தெருவில். ஓடினேன்.

பொய்க்கால் வாசற்படியில் கிடந்தது. அதைப் போட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருந்திருக்காது. வாப்பா முற்றத்தில் தவழ்ந்துபோய், நெல்லைக் கையால் கூட்டி ஒதுக்கி, படங்கின் ஒரு பாதியை இழுத்து மூடி அதன்மேல் படுத்திருந்தார். மறு பாதி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"மத்தப் பக்கத்தப் புடி" என்றார்.

பிடித்தேன். மண்டியிட்டு இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த புத்தகம் நெஞ்சில் குத்தியது. ஹெலி மைதானத்தில் இறங்கிச் சத்தம் அடங்கிய பிறகுதான் வாப்பா தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். அந்த நாளைப் பற்றி இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை.

"இண்டைக்கி நீ ஓடல்ல என்ன, மனே" என்றார்.

"ஓம் வாப்பா" என்றேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.