செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு சர்வர்

எங்கள் குடியிருப்பில் டப்பா அக்காவைத் தெரியாதவர் கிடையாது. நாலாவது மாடியில் இருக்கிறார். செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டில், யாரோ கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார். மானிட்டர் கிடையாது, இரவும் பகலும் ஓடும். நாங்கள் கிண்டலாக டப்பா என்று சொன்னது அதைத்தான். பெயர் அக்காவுக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சளைத்தவரா? அந்தப் பெயரையே இணையத்தில் பதிவு செய்து வாங்கிவிட்டார்.

அப்புறம் தெருவில் பாதிப் பேர் அந்தப் பெயரில் குடியேறினோம். முன்னால் நம் கடைப் பெயர், ஒரு புள்ளி, பிறகு அக்காவின் பெயர். அதுதான் முகவரி. இரண்டாவது மாடியில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிற எனக்கு ஒன்று, முதல் மாடி பல் டாக்டருக்கு ஒன்று, டிரைவிங் ஸ்கூலுக்கு ஒன்று. எல்லாம் ஒரே டப்பாவில்தான். யார் எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார்களோ, அந்தப் பக்கத்தை அது எடுத்துக் கொடுக்கும். எங்கள் ஓனரும் விடவில்லை. காலி வீடுகளை விற்க ஓர் இணையதளம் கேட்டு வாங்கி, அந்த முகவரியை ஆளுயரப் போர்டுகளில் அடித்து ஊர் முழுக்க நட்டார்.

லிஃப்ட் நின்றது அதற்குப் பிறகு. சொல்லிச் சொல்லி எங்கள் வாய் வலித்ததுதான் மிச்சம். "ஆள் வருவான்" என்பார் ஓனர், ஒருவனும் வரமாட்டான். எங்களுக்கு அது வெறும் கால் வலி. அக்காவின் கணவருக்குச் சிறை. பஸ் ஓட்டிய மனிதர். முட்டியில் ஆபரேஷன் முடிந்து லிஃப்டில் ஏறி வந்தவர், பிறகு இறங்கவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அக்கா கத்தவில்லை. லிஃப்டுக்கென்றே ஒரு தளம் திறந்தார். தினமும் ஒரு போட்டோ, அதற்குக் கீழே "ஓடவில்லை" என்று ஒரே வார்த்தை. எல்லாத் தளங்களையும் வரிசையாகக் காட்டும் அக்காவின் முகப்புப் பக்கத்தில் பல் டாக்டர், நான், ஓனர் ஆகியோருக்கு நடுவில் லிஃப்டும் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வீடு வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க, ஓனர் மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"ஏம்மா, என் மடியிலயே கை வைக்கிறியா? அந்தப் பக்கத்தை எடுத்துடு."

"லிஃப்ட் ஓடட்டும் சார். ஓடுதுன்னு போடுறேன்."

"நான் நினைச்சா உன் நெட் வயரை வெட்டிடுவேன்."

"வெட்டிக்குங்க."

வெட்டியே விட்டார். எங்கள் தளங்கள் எல்லாம் படுத்துவிட்டன. பல் டாக்டர் ஏறி வந்து, "அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்களேன், எங்க பொழப்பும் சேர்ந்துல்ல போகுது" என்று கெஞ்சினார். அக்காவின் முகம் வாடியது. ஜன்னல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து டப்பாவைக் கழற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு இறங்கினார்.

"உன் கனெக்‌ஷன் வேற கம்பெனிதானே? இது கொஞ்ச நாள் உன் மெஷினுக்குப் பக்கத்துல இருக்கட்டும்."

எனக்கும் அதே ஓனர், எனக்கும் வாடகை வீடு. இருந்தாலும், "வைங்கக்கா" என்றேன்.

மிச்சம் சின்ன வேலைதான். இந்தப் பெயரைக் கேட்டால் இந்த வாசலுக்குப் போ என்று இணையத்துக்கு வழி சொல்வது டி.என்.எஸ். அதில் தன் வீட்டு இணைப்பின் எண்ணை எடுத்துவிட்டு, என் வீட்டு எண்ணைப் போட்டார். "வீடு மாறினா பேரா மாறிடும்?" என்றார். நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் எல்லாத் தளங்களும் எழுந்துவிட்டன. லிஃப்டும்தான்.

ஓனர் என் வாசலுக்கே வந்தபோது அக்கா டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். போர்டைப் பார்த்த யாரோ அவர் தளத்தைத் திறக்கப் போக, அது வரவில்லையாம். தான் வெட்டிய வயரில்தான் தன் வியாபாரமும் தொங்கியது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

"என்னோடது என்னாச்சு?"

"வந்துடுச்சு சார்" என்றார் அக்கா. "லிஃப்டும் வந்துடுச்சு. பிடிக்கலன்னா வேற பேருக்கு மாறிக்குங்க. என்ன, போர்டெல்லாம் புதுசா அடிக்கணும்."

"இந்த வீட்டு வயரையும் வெட்டுவேன்."

"அப்போ டாக்டர் வீடு இருக்கு."

பல் டாக்டர் படியில்தான் நின்றிருந்தார். ஓனர் அவரைப் பார்த்தார். டாக்டர், "இருக்கு" என்றார்.

அந்த வாரமே மெக்கானிக் வந்தார். வேலை முடிந்ததும் ஓனர் லிஃப்டிலேயே நாலாவது மாடிக்கு வந்து இறங்கி, "இப்பவாவது மாத்து" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் இறங்கி ஏறட்டும் சார்."

அவர் கைத்தடியோடு, இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கிப் போனார். நாங்கள் மேலேயே காத்திருந்தோம். ஆள் வரக் காணோம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், பஸ் ஸ்டாப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, எவரோ ஒரு டிரைவரோடு கதை அளந்துகொண்டிருந்தார்.

ஓனர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவரைக் கூப்பிடும்மா."

"எதுக்கு? அவர் மாசக்கணக்கா காத்திருந்தாரு" என்ற அக்கா, ஜன்னலோர நாற்காலியை இழுத்து ஓனர் முன்னால் போட்டார். "நீங்க கொஞ்சம் உட்காருங்க."