அபின் கேக்

ஆப்பிளும் வால்நட்டும் சேர்ந்து வேகும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு இன்றைக்கும் பழிவாங்கத் தோன்றும்.

எண்பதுகளில், மொன்றியலில் எங்கள் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா ஆப்பிள் தோல் சீவப் போன ஹங்கேரியக் கடை இப்போது இல்லை. ஆனால் ஆவி படிந்த அதன் கண்ணாடியும், மாவுருட்டும் கட்டையின் தடதடப்பும், ஆப்பிள், வால்நட், பிளம் ஜாம், கறுப்பாகக் கசகசா என்று அடுக்கடுக்காக முதலாளியம்மா சனிக்கிழமைகளில் எனக்கும் அண்ணைக்கும் வெட்டித்தந்த ஃப்ளோட்னி கேக்கும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

"டேய், அந்தக் கறுப்பு அபின் செடியின்ர விதை," என்றார் அண்ணை. "பொலிஸ் உன்ர வாயை மணந்து பாத்தா எங்கட கேஸ் முடிஞ்சுது. எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப நீங்கள் சாப்பிடுறியள்?"

"நான் பெரிய ஆள். எனக்கு மணக்காது."

குடும்பத்தைக் காக்கும் தியாகியாக, அந்தக் குளிர்காலம் முழுக்க என் துண்டை அவரிடம் நீட்டிவிட்டு, வாசலில் பனியை அள்ளி வாய் கொப்பளித்தேன். சீருடை போட்ட பஸ் சாரதி பொன்ஜூர் சொன்னால்கூட வாயைப் பொத்திக்கொண்டேன்.

இப்போது அண்ணைக்குச் சீனி வருத்தம்; இனிப்பைத் தொடக்கூடாது. சென்ட் லோரன்ட்டில் ஃப்ளோட்னி போடும் வேறொரு கடையைத் தேடிப்பிடித்து, பெட்டியோடு லாசாலில் அவர் வீட்டுக்கே போய், அவருக்கு எதிரே இருந்து ஆறுதலாகச் சாப்பிடுகிறேன்.

"ஒரு விளிம்பாவது தாவன்ரா," என்கிறார்.

"அண்ணி," என்று குசினிப் பக்கம் குரல் கொடுக்கிறேன், "அண்ணைக்குச் சீனி போடாமல் ஒரு தேத்தண்ணி கொண்டுவாங்கோ. பாவம், சும்மா பாத்துக்கொண்டிருக்கிறார்."