ஓட்டிப் பார்க்க எடுத்த வண்டி

மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் மொரப்பூரில் என்னளவுக்குக் காரில் சுற்றிய பிள்ளை வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கார், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நீலம், ஒருமுறை பச்சை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் போய் அளந்து கொட்டுவேன். "அப்போ ஒண்ணுகூட உங்களுது இல்லியா?" என்று பக்கத்தில் உட்காரும் சிறுக்கி கேட்டால், "பாத்துட்டிருக்கோம்" என்பேன். அப்பா சொல்கிற அதே தோரணையில்தான் சொல்வேன்.

அப்பா ரயில்வே கேட் அருகே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு ஒரு லாரிக்காரச் சிநேகிதரிடம் பழகி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். லைசென்ஸ் இருந்தது, வண்டிதான் இல்லை. அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய கார்களை வாங்கி விற்றுக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் புரோக்கர் பாய். அப்பாவும் அவரும் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

சின்னக் கார் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் எங்கள் பக்கம் கார் என்றால் வயிறு பெருத்த பெரிய வண்டிதான். இந்தச் சின்னது முதலில் பெட்டி மாதிரி சதுரமாக வந்தது. நாலு பேர் அதைப் பழகுவதற்குள் அதே கார் மூலை முடுக்கெல்லாம் மழுங்கி, புது உடம்போடு மறுபடியும் வந்தது. கையில் காசு புரளுகிறவர்கள் புதியதற்குப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் பழையதைத் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளிவிடப்பட்டவை எல்லாம் பாயிடம் வந்து நிற்கும். அத்தனையும் டாக்டர் ஓட்டிய வண்டிகள் என்று பாய் சத்தியம் பண்ணுவார். அவர் கணக்குப்படி பார்த்தால் தருமபுரியில் நோயாளிகளை விட டாக்டர்கள் அதிகம்.

அப்பா வண்டி பார்க்கிற அழகைப் பார்க்க வேண்டும்! பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவார். கதவு, மட்கார்டு எல்லாவற்றிலும் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டாத இடத்தில் நசுங்கலை மறைக்கப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு, கரியை மோந்து பார்ப்பார். தண்ணீர் டம்ளரை பானெட் மேல் வைத்து, தளும்புகிறதா என்று பார்க்க இஞ்சினை ஓடவிடுவார். காலடி விரிப்பைத் தூக்கித் துரு தேடுவார். கடைசியாக, "மேட்டுல இழுக்குதான்னு பாக்கணும் பாய்" என்பார். அதற்குத் தொப்பூர் மேட்டை விட்டால் வேறு இடம் ஏது? நல்லம்பள்ளி தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். பின் சீட்டில் பாரம் இல்லாமல் மேட்டில் எப்படிப் பார்ப்பது? அந்தப் பாரம் நானும் அம்மாவும். அம்மா புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டி எடுத்து வருவாள். கட்டுச்சோற்றோடு கார் வாங்கப் போன குடும்பம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

சாப்பாடெல்லாம் ஆன பிறகு அப்பா ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பார். "செகண்ட் கியர் முனகுது பாய், அடுத்தது வந்தா சொல்லுங்க." பாய் கோபித்துக்கொண்டதே இல்லை. அப்பா சொன்ன குறைகளை வைத்துத்தான் அவர் விற்கிறவர்களிடம் விலையை அடித்துப் பேசினார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தது.

அந்த வைகாசியில் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பொம்மிடியில் கல்யாணம் வைத்தார்கள். அம்மாவின் பிறந்த வீடு அங்கேதான், பாசஞ்சர் ரயிலில் அரைமணி நேரம். ஆனால் நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. அம்மா தினம் அந்தப் பாசஞ்சரில்தான் டைப் கற்றுக்கொள்ள வந்தவள். லோயர் பரீட்சை பாஸ் பண்ணியவள் ஹையர் எழுதாமல் வாத்தியாரையே கட்டிக்கொண்டுவிட்டாள். நிலபுலனும் மாந்தோப்பும் உள்ள தாத்தாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த டைப்பு வாத்தியாரக் கட்டிக்கிட்டு ஆயுசுக்கும் பாசஞ்சர் வண்டியிலயே இடிபட்டுக் கெட!" என்று சொன்னவர், அதன்பிறகு மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமாவே நேரில் வந்து பத்திரிகை வைத்தார். தாத்தா வேண்டாமென்று சொல்லவில்லை என்றும் சொன்னார். அவர் போனதும் அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "கார்ல போயி எறங்கினா எறங்குவேன். இல்லாட்டி அந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன்."

வாடகைக் கார் பிடிக்கலாம். ஆனால் வாடகை வண்டிக்கு நம்பர் பலகையே வேறு நிறம், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அப்பா இரண்டு நாள் மோவாயைத் தடவினார். அப்புறம் தருமபுரிக்குப் போய், "ஒரு வண்டிய முழுசாத் தெரிஞ்சிக்கணும்னா ஒரு பகல் பூரா ஓட்டிப் பாக்கணும் பாய்" என்றார். பாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு கல்யாணம் மாஸ்டர்?" என்று கேட்டாராம். மனுஷன் கெட்டிக்காரர். வண்டியைத் தனியாக விட முடியாது என்பதால் தானும் வருவதாகச் சொன்னார். அப்பாவின் சிநேகிதர் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

வந்தது சிவப்பு வண்டி. பழைய உடம்பு, சதுரப் பெட்டி. அம்மா பட்டுப்புடவையில் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடத்தூர் தாண்டியதும், "உள்ள போனதும் அவரு எதாச்சும் சொல்லிட்டா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்து, "சொன்னா சொல்லட்டும், திரும்பி வரத்தான் வண்டி இருக்குதே" என்றார். பாய் எதுவும் கேட்காதவர் மாதிரி வெளியே பார்த்தார். எனக்கோ தரையில் கால் படவில்லை. கடைசியில் இது எங்கள் கார் என்றே முடிவு பண்ணிவிட்டேன். அப்பா இவ்வளவு தூரம் ஓட்டிய வண்டி வேறு எதுவும் இல்லையே!

பொம்மிடியில் இறங்கியபோது பந்தலே திரும்பிப் பார்த்தது. அம்மாவின் அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். தாத்தா மட்டும் மணவறைப் பக்கம் நின்றவர் நின்றபடியே இருந்தார். வெள்ளை மீசை, தோளில் துண்டு. காரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். பிறகு வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டார். அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

தாலி கட்டி முடித்ததும் ஆம்பிளைகள் வண்டிகளைச் சுற்றிக் கூடினார்கள். ஏனென்றால் எங்கள் சிவப்பு வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை வண்டி நின்றது. அதே சின்னக் காரின் புது உடம்பு. அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், சேலத்தில் அரிசி ஆலை வைத்திருந்த என் பெரியப்பாவுடையது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என்ன மாஸ்டர், இன்னும் தீப்பெட்டியிலயே இருக்கீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவுக்கு அது போதும். மாவட்டத்தில் இருந்த சின்னக் கார்களில் பாதிக்கு மேல் விரல் விட்டு மோந்து பார்த்தவர் அவர். இரண்டு வண்டியின் பானெட்டையும் திறந்து வைத்தார். "இஞ்சின் ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க, பாருங்க. உங்க வண்டில எடம் தாராளம், சொகுசும் ஜாஸ்தி. கொறை சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ரோட்டுல கல்லு மண்ணுன்னு போயி வர்றதுக்குப் பழசே போதும். கீறல் விழுந்தா வயிறு எரியாது பாருங்க." தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். புதியதில் சரியாக இருந்தது, பழையதில் கூரை தட்டியது. "தலப்பாவக் கழட்டி மடில வெச்சிக்கோங்க, சரியாப் போகும்" என்றார் அப்பா. பெரியப்பாவே சிரித்துவிட்டார். தன் வண்டியின் சங்கதிகளை அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பந்தி போட்டதும் கூட்டம் கலைந்தது. நான் மட்டும் பின் சீட்டை விட்டு இறங்கவில்லை. எங்கள் காரை எவனாவது கீறிவிட்டால் என்ன பண்ணுவது? அப்பாவும் பாயும் பானெட்டை மூடிக்கொண்டிருந்தபோது தாத்தா வந்தார். அப்பா சட்டென்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

தாத்தா அப்பாவைப் பார்க்காமல் பாயைப் பார்த்து, "உங்கள தருமபுரி பஸ் ஸ்டாண்டுகிட்ட பாத்திருக்கேனே" என்றார்.

"எல்லாரும் வந்து போற எடம்தானுங்க அது" என்றார் பாய், கண்ணை இமைக்காமல்.

தாத்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பி, பல வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சாக இதைக் கேட்டார்: "டைப்பு வாத்தியாரே, பின்னாடி சீட்டுல ஒக்காந்தா தூக்கிப் போடுதா?"

"கொஞ்சம் போடுங்க. பாத்து ஓட்டினா தெரியாதுங்க."

"இத எனக்குக் குடுப்பீங்களா?"

அப்பா பாயைப் பார்த்தார். தன் வண்டி இல்லை என்று சொன்னால் மானம் போகும், அம்மாவின் தலை குனியும். பாய் சமாளித்துக்கொண்டார். "அதுக்கென்னங்க, மாஸ்டருக்கும் புது மாடல் மேல ஒரு கண்ணு. மாஸ்டர், பெரியவரு ஆசப்படறாரு, குடுத்துடுங்களேன்."

அங்கேயே அப்பா தலையை ஆட்டியிருந்தால் காரியம் சுளுவாக முடிந்திருக்கும். ஆனால் அவரால் முடியவில்லை. ஒரு வண்டியைப் பார்த்தால் குறை சொல்லாமல் அவருக்கு நாக்கு அடங்காது. அதிலும் மாமனாரை ஏமாற்றுவதா? "குடுக்கலாமுங்க" என்று இழுத்தார். "ஆனா முன் டயர் ரெண்டும் மாத்தணும், உள்பக்கமா தேஞ்சிருக்கு. இந்தப் பக்கத்துக் கதவுல பட்டி பாத்திருக்குது. செகண்ட் கியர் போடறப்ப ஒரு முனகல் இருக்குங்க. மழை பேஞ்சா பின் கதவோரமா தண்ணி எறங்கும்னு நெனக்கிறேன்." பாய் அப்பாவின் காலை மிதித்தார். அப்பா காலை நகர்த்தி வைத்துக்கொண்டு, துரு பிடித்த இடத்தையும் குனிந்து காட்டினார்.

"இத்தினி கொறைய வெச்சிக்கிட்டா இதுல பொண்டாட்டி புள்ளயக் கூட்டிட்டு வந்தீங்க?"

அப்பாவின் காது சிவந்துவிட்டது. தாத்தா குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு பாயிடம், "சரி, பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார். பாய் நெற்றி வேர்வையை வழித்து எறிந்தார். "யா அல்லா! விக்கறவனே கொறை சொல்ற வியாபாரத்த இன்னிக்குத்தான் பாத்தேன் மாஸ்டர்" என்றவர், அந்தச் சந்தோஷத்தில் பந்தியில் பாயசம் மூன்று முறை வாங்கினார்.

திரும்பி வர வண்டி இல்லை. சாயங்காலப் பாசஞ்சரில் நெரிசலில் நின்றுகொண்டு வந்தோம். நான் ஊரே கேட்க அழுதேன். எங்கள் காரை விற்றுவிட்டார்களே! அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மூட்டை மேல் சாய்ந்து நின்றபடி சிரிக்க ஆரம்பித்தாள். "கடைசீல அவரு சொன்ன பாசஞ்சர்லயே இடிபட்டு வர்றேன், பாத்தீங்களா?" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. "எங்கிட்ட ஒரு வார்த்த பேசலீங்க" என்றாள். அப்பா அவள் கையிலிருந்த தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டார். அன்று முழுவதும் தாத்தா அம்மாவிடம் பேசவே இல்லை. தோப்பை விட்டு அதிகம் வெளியே போகாத, ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாத அந்த மனிதருக்குக் கார் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. பணக்காரத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் வாசலில் ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. முன் டயர் இரண்டும் கறுகறுவென்று புதிதாக இருந்தன. ஒரு டிரைவர் இறங்கி, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா மாவுக் கையோடு வந்தாள்.

"பெரியவரு அனுப்பினாருங்க. மாப்ள சொன்ன டயரு ரெண்டும் மாத்தியாச்சு, கதவும் சரி பண்ணியாச்சுன்னு சொல்லச் சொன்னாரு. பின் சீட்டுக்கு மெத்தை போட்டிருக்குது, தூக்கிப் போடாதுங்க. பதினெட்டு நோம்பிக்கு உங்கள எல்லாரையும் கூட்டியாரச் சொன்னாரு. மாப்ளைய கண்டிப்பா வரச் சொன்னாருங்க."

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். உள்ளேயிருந்து வந்த அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. அப்பா அத்தனை குறை சொன்னால் யார்தான் வைத்துக்கொள்வார்கள்? தாத்தா வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. தாத்தாவுக்கு இது வேணாம்னா போவுது. அப்பா வேற நல்ல வண்டியாப் பாத்து அவருக்கு வித்துடுவாரு" என்றேன்.